பார்க்கப் போன அரை நாள்

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்த வேனில் ஏறிய ஒரே ஆள் என் அக்காதான்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்தில், இன்னும் சரியாக விடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூடியிருந்த மருந்துக்கடை வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. எங்கள் காலனிக்காரர்கள் எல்லோரும் பழைய காட்டன் புடவை, டிராக் பேன்ட், மங்கி குல்லா என்று மலை ஏறுவதற்குத் தோதாக வந்திருந்தார்கள். அக்கா மட்டும் அரக்கு நிறத்தில் பச்சை பார்டர் போட்ட பட்டு. தலை நிறைய மல்லி. படியில் கொசுவம் தடுக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வேனுக்குள் இருந்த டீசல் வாசனை அந்த மல்லி வாசனைக்குக் கொஞ்சம் வழி விட்டது.

"என்ன மாலதி, நாங்க அரை நாள் டூர் போறோம். நீ ஏதாவது ரிசப்ஷனுக்குப் போறியா?" என்று கேட்டார் கணபதி சார். காலனி சங்கத்தின் செயலாளர். டூருக்கும் அவர்தான் அமைப்பாளர்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வேண்டுதல் சார்."

வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் அதற்கு மேல் யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்டால் பலிக்காமல் போய்விடும் என்று ஒரு பயம். கணபதி சாரும் அப்படியே அடங்கிப்போய், கையிலிருந்த பேட்டரி மைக்கைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் அம்மா. அம்மாவின் காலடியில் புளியோதரை டப்பா. நான் பின் சீட்டில். அம்மா குனிந்து அக்காவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"இது ஒண்ணுக்கு மட்டும் வந்துடு. இதுவும் தட்டிப்போச்சுன்னா அப்புறம் நான் வாயே திறக்கலை. சத்தியம்."

"சாமி மேலயா?"

"உன் மேலடி."

அக்கா ஜன்னலைத் தள்ளித் திறந்து வெளியே பார்த்தாள்.

கணபதி சாரின் அரை நாள்

டூர் என்றாலே கணபதி சாருக்கு அரை நாள்தான். முழு நாள் என்றால் மதியச் சாப்பாடு போட வேண்டும், பாத்ரூமுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், திரும்பி வரும்போது யாராவது யாரோடாவது சண்டை போட்டிருப்பார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். அரை நாளில் சண்டை போட நேரம் இருக்காது என்று நம்பினார். அது தப்பு என்று எங்கள் காலனி பலமுறை நிரூபித்திருக்கிறது. ஆனாலும் மனிதர் மனம் தளரவில்லை.

அந்த முறை வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட அறிவிப்பு இப்படி: 'காலையில் மலைக்கோயில் தரிசனம். பிறகு மலைவாழ் மக்கள் கிராமம் பார்த்தல். மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் வீடு.'

இதைப் படித்ததும் அம்மாவின் மூளை வேலை செய்திருக்கிறது. அப்போது மறைமலை நகர் பக்கத்திலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. அம்மா பிள்ளையின் தாயாருக்குப் போன் போட்டு, இந்த மாதிரி நாங்கள் மலைக்கோயிலுக்குப் போகிறோம், நீங்களும் தற்செயலாக அங்கே வரலாமே என்று பேசி முடித்துவிட்டாள். தற்செயலை ஒரு வாரத்துக்கு முன்பே ஏற்பாடு செய்வதில் அம்மாவுக்கு நிகர் அம்மாதான்.

காலனியில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், நடக்காமல் போகும்போது எல்லோரும் "என்னாச்சு?" என்பார்கள். அந்த 'என்னாச்சு'வுக்கு அம்மா பயந்தது போல வேறு எதற்கும் பயந்ததில்லை.

எந்த மலை என்று கேட்காதீர்கள். செங்கல்பட்டைத் தாண்டி, பெரிய ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டும். சின்ன மலை, மேலே முருகன். இவ்வளவு போதும். பெயரை எழுதினால் அடுத்த ஞாயிறே நீங்கள் கும்பலாகப் போய் நிற்பீர்கள்.

வேனை ஓட்டியது இரும்புலியூர் டில்லி அண்ணன். வண்டலூர் தாண்டும்வரை அவர் பேசவே இல்லை. அப்புறம் கண்ணாடியில் அக்காவைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஜன்னல சாத்திக்கோ. தூசி பட்டு பொடவ பேஜாராயிடப் போவுது" என்றார். அக்கா சாத்தவில்லை. கூடுவாஞ்சேரிக் காற்றில் அவள் தலைமுடி பறந்து பறந்து நெற்றியில் விழுந்தது. அம்மா அதை ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டே வந்தாள்.

பார்ப்பது என்றால்

தமிழில் இந்தப் 'பார்ப்பது' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு வேலை வாங்குகிறோம் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. சாமி பார்க்கிறோம். டாக்டரைப் பார்க்கிறோம். வீடு பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம். பெண் பார்க்கிறோம். இத்தனையில் பார்க்கப்படுகிறவர் உயிரோடு எதிரே நின்று காபி தட்டை நீட்டுவது கடைசியில் சொன்னதில் மட்டும்தான்.

இரும்புலியூரில் வாடகை வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அக்காவைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் எங்கள் வீட்டில் கேசரி வாசனை. இன்றைக்கும் நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தால், எங்கோ ஒரு பெண் தலை குனிந்து நிற்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேசரியை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

வந்தவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக் கூரை விசிறியைப் பார்த்து, "இது என்ன கம்பெனி, சத்தமே இல்லையே" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். இன்னொரு அம்மாள் கேசரியில் என்ன கலர் போட்டீர்கள் என்று கேட்டாள். போட்டோவில் வேறு மாதிரி இருந்தாளே என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னவர்களும் உண்டு. செருப்பு மாட்டும்போது பேசினால் உள்ளே கேட்காது என்று எதனாலோ எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்கா தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். ஊசியைக் கண்டாலே அழுகிற குழந்தைகள்கூட அவள் ஊசி போட்டு முடித்த பிறகுதான் அழ ஆரம்பிக்கும். தெருவில் அவளைப் பார்த்தால் வயதானவர்கள் கையை நீட்டிக் காட்டி, "போன தடவை நீதானேம்மா எடுத்தே, வலிக்கவே இல்லை" என்பார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் தட்டை ஏந்தும்போது கை நடுங்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

அப்பா போன பிறகு, இனி வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்போதுதான் அம்மா கோயிலைப் பிடித்தாள்.

கோயிலில் பெண் பார்ப்பது ரொம்ப நாகரிகமான ஏற்பாடு. இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்ததாகத்தான் கணக்கு. பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் குங்குமத்தை மடித்துக்கொண்டு போய்விடலாம். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் வேண்டாம் என்ற சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவார்கள், மலை ஏறுவது உட்பட.

மலை மேல்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வீட்டில் மொட்டைமாடிக்கு வடாம் காயவைக்கப் போவதற்கே என்னை அனுப்புகிறவள், அன்று படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். வழியில் குரங்குகள். வழியெல்லாம் கற்பூரமும் காய்ந்த எலுமிச்சம்பழமும் கலந்த ஒரு வாசனை. கொஞ்ச தூரம் ஏறுவாள், நிற்பாள், "மூச்சு வாங்கலை, சும்மா சீனரி பார்க்கறேன்" என்பாள். கீழே ஏரி, அதைத் தாண்டி வயல், அதையும் தாண்டி ரோட்டில் எறும்பு போல லாரிகள். அக்கா ஒரு கையால் கொசுவத்தையும் மறு கையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அம்மா இப்போது இல்லை. எந்தக் கோயில் படியைப் பார்த்தாலும் அவள் அன்று நின்று நின்று ஏறியதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. சாமி அதற்கு அப்புறம்தான்.

மேலே போனால் நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து பிரகாரத்துக்கு வந்ததும் அம்மாவின் கண்கள் தேட ஆரம்பித்தன. பிள்ளையைப் போனில் போட்டோவாகப் பார்த்ததோடு சரி. கண்ணாடி போட்ட முகம், நடு வகிடு. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"அதோ," என்று என் விலாவில் இடித்தாள். "அந்தத் தூண் பக்கம். நீல சட்டை. பக்கத்துல மூக்குத்தி போட்டிருக்கறது அவங்கம்மா."

கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் நின்றிருந்தான். அவனுடைய தாயாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இரண்டு தாய்மார்களும் தூரத்திலிருந்தே மெல்லச் சிரித்துக்கொண்டார்கள்.

"போ, ஒரு சுத்து சுத்திட்டு வா. மெதுவா," என்றாள் அம்மா.

அக்கா சுற்றினாள். அந்த அம்மாள் மகனிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. இன்னொரு சுற்று அனுப்பினாள். முருகனே அலுத்துப்போகும் அளவுக்கு அக்கா சுற்றிய பிறகு, அந்த அம்மாள் நெருங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு என்னம்மா?"

"மாலதி."

"மாலதியா? பவித்ரான்னுல்ல சொன்னாங்க?"

அப்போதுதான் மணிக்கூண்டுக்குப் பின்னால் கிளிப்பச்சைப் பட்டில் ஒரு பெண் வெகுநேரமாக நிற்பதை நாங்கள் எல்லோருமே கவனித்தோம். அவள்தான் பவித்ரா. அவள் வீட்டார் பாவம், இன்னும் வரவில்லையே என்று படிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு வர வேண்டிய பிள்ளை எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டான். நாங்களும் அவர்கள் பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டோம்.

மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த மூக்குத்தி அம்மாள் போகும்போது அக்காவை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்து, "இந்தப் பொண்ணும் நல்லாத்தான் இருக்கு" என்று மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அக்காவும் பவித்ராவும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் வேறு அறிமுகமே தேவைப்படவில்லை.

"இன்னும் ஒரு சுத்து சுத்தணுமாம்மா?" என்றாள் அக்கா.

அம்மா போனை எடுத்துக் கூப்பிட்டாள். உண்மையான பிள்ளை வீட்டாருக்குச் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் கார் நின்றுவிட்டதாம். மெக்கானிக் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம். இங்கே கணபதி சார் மைக்கில், "பிரகாரம் சுத்தி மாம்பழம் வாங்கினது போதும், எல்லாரும் இறங்குங்க, அடுத்து கிராமம்" என்று கூவிக்கொண்டிருந்தார். ரகசியத்தைச் சொல்லாமல் அவரை நிறுத்த முடியாது.

அம்மா போனில் குரலைத் தாழ்த்தி, "கீழே மலையடிவாரத்துல ஒரு ஊர் இருக்காம். நாங்க அங்கதான் இருப்போம். அங்கயே வந்துடுங்க" என்றாள்.

மலைவாழ் மக்கள்

மலைவாழ் மக்கள் என்றதும் எங்கள் ஆட்கள் மலையிலேயே எங்கோ பாறைக்குப் பின்னால் ஒரு கிராமம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வேன் கீழே இறங்கி, ஏரிக்கரையை ஒட்டிய மண் ரோட்டில் போய் நின்றது. வரிசையாகச் சின்னச் சின்னத் தொகுப்பு வீடுகள். சில வீடுகளின் மேல் தார்ப்பாய். ஒரு வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, கயிற்றில் ஸ்கூல் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. ஏரியிலிருந்து குளிர்ந்த பாசி வாசனை.

மரத்தடியில் ஒரு பெண் ஏரி மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போய் வந்த எங்கள் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கணபதி சார் மைக்கோடு அவளிடம் போனார்.

"நீங்கள்லாம் மலையிலருந்து எப்பம்மா இறங்கி வந்தீங்க?"

"இன்னா சார்?"

"மலைவாழ் மக்கள்தானே நீங்க?"

"நாங்க இருளருங்க சார். எங்க தாத்தன் காலத்துலருந்தே ஏரிக்கரைதான். மலை மேல சாமிதான் கீது."

கணபதி சார் மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஆனால் விடவில்லை. பாம்பு பிடித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"அதுக்கு லைசன்ஸ் இருக்குறவங்கதான் புடிக்கணும். நான் ரைஸ் மில்லுக்குப் போறேன். ஞாயித்துக்கெழம லீவு. மீன ஆஞ்சி முடிச்சிட்டன்னா போட்டோவுக்கு வரேன், செத்த இருங்க," என்றாள். அவள் பேர் கன்னியம்மா. ஞாயிறு என்றால் யாராவது இப்படி வண்டியில் வந்து இறங்குவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது என்று தெரிந்தது.

எங்கள் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடுகளுக்கு நடுவே போனார்கள். எட்டி எட்டி உள்ளே பார்த்தார்கள். "கேஸ் ஸ்டவ் வச்சிருக்காங்க பாரு," என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். இலையும் தழையுமாக இருக்கும் என்று நம்பி வந்தவர் போலிருக்கிறது.

அக்கா போகவில்லை. வேன் படியில் நின்றுகொண்டிருந்தவள் நேராக வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"இங்க உக்காரலாமா?"

"உக்காரு. பொடவ பத்திரம்," என்று கன்னியம்மா மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள். அக்கா கல்லின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அன்று காலையிலிருந்து அவள் உட்கார வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தது அங்கேதான்.

"இம்மா நல்ல பொடவய இன்னாத்துக்குக் கட்டிக்கினு வந்த?"

அம்மா காலனிக்குச் சொல்லாததை, சொந்தபந்தங்களுக்குக்கூடச் சொல்லாததை, அக்கா அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள்.

"என்னைப் பார்க்க வராங்க."

"எங்க?"

"இங்கதான்."

கன்னியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கள பாக்க நீங்க வந்துகீறீங்க. உன்ன பாக்க அவங்க வராங்களா?" என்று சொல்லிச் சிரித்தாள். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு முடிந்து, நின்று, மறுபடியும் தானாகத் தொடங்கியது. தூரத்தில் அம்மா மட்டும் பட்டுப்புடவையில் மீன் செதில் ஒட்டிவிடுமே என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக் கார்

எங்கள் ஆட்கள் இன்னும் வீடுகளுக்கு நடுவே இருந்தபோது, பிள்ளையும் அவர் தாயாரும் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்கள். இந்த முறை அம்மா பெயர், ஊர், தெரு எல்லாம் கேட்டு நிச்சயம் செய்துகொண்டாள். கன்னியம்மா ஒன்றும் தெரியாதவள் போல மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். சாதுவான முகம். வரும்போது பழங்கள் வாங்கி வந்திருந்தார். காரைத் தள்ளியதில் சட்டையில் கிரீஸ். அதற்காக இரண்டு தடவை மன்னிப்பு வேறு கேட்டார். அவருடைய தாயாரும் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏரி அழகா இருக்கே. கொஞ்சம் நடந்துட்டு வரலாமா மாலதி?" என்றார் அந்தத் தாயார்.

ஏரியைப் பார்க்க அல்ல. பெண்ணுக்குக் கால் நேராக இருக்கிறதா, நடை எப்படி என்று பார்க்க. அது எங்களுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா கரையின் மேல் நடந்தாள். அந்த அம்மாள் ஒரு அடி பின்தங்கி நடந்தார். அவருக்கும் பின்னால் பிள்ளை, போனைப் பார்த்தபடி. எல்லோருக்கும் பின்னால் நான்.

"ரத்தம் எடுக்கற வேலைதானே. கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் வேண்டாம், என்ன? எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கஷ்டம் இல்லை," என்றார் அந்த அம்மாள். அன்பாகத்தான் சொன்னார்.

அக்கா நின்றாள். திரும்பி, முதல் தடவையாக அந்தப் பிள்ளையிடம் நேராகப் பேசினாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வெட்கத்தோடு சிரித்தார். "அம்மா பார்த்துட்டா போதுங்க. அம்மா சொல்றதுதான்."

அக்கா சரி என்பது போலத் தலையை ஆட்டினாள்.  தண்ணீரில் நாமக்கோழி ஒன்று முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

கிளம்பும்போது கன்னியம்மா எழுந்து வந்து வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தலையிலிருந்த மல்லியில் பாதியை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அவள் அதை அங்கேயே தலையில் வைத்துக்கொண்டாள். சமீபத்தில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஏரியின் ஒரு ஓரத்தில் மனைக் கற்கள் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டியிருக்கிறார்கள். வேப்பமரம் இருக்கிறது. கன்னியம்மா மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

பெருங்களத்தூர் நெரிசலில்

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பெருங்களத்தூரில் வழக்கமான நெரிசல். வேனுக்குள் கணபதி சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு நடத்திக்கொண்டிருந்தார். டில்லி அண்ணன் மட்டும், "இப்டியே நின்னுகினு இருந்தா அரை நாளு முழு நாளாயிடும் சார்" என்று முனகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது.

அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவள் முகம் மாறுவதை நான் பின் சீட்டிலிருந்தே பார்த்தேன். அத்தனை வருடக் களைப்பும் கரைந்து, சின்னப் பெண் போல ஆகிவிட்டாள்.

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க," என்று போனை மார்பில் அணைத்துக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். "பிடிச்சிருக்காம்டி. பொண்ணைப் பிடிச்சிருக்காம்."

ரகசியம் அதோடு போச்சு. முன் சீட்டு கேட்டு நடு சீட்டுக்குச் சொன்னது. யாரோ கை தட்டினார்கள். பட்டுப்புடவையின் காரணம் இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. "அதானே பார்த்தேன், வேண்டுதலாம்ல?" என்று கணபதி சார் மைக்கிலேயே சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். அக்காவுக்கு முடிந்தால்தான் எனக்கு என்று வீட்டில் ஒரு வரிசை இருந்தது.

"கல்யாணப் பொண்ணு ஒரு வார்த்தை பேசணும்," என்று கணபதி சார் மைக்கைக் கொண்டுவந்து அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். மைக் இருப்பதை அவள் நினைக்கவில்லை. அது வேன் முழுக்கக் கேட்டது.

"எனக்குப் பிடிக்கலைம்மா."

கைதட்டல் நின்றது. பக்கத்து லேனில் ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கணபதி சார் மைக்கை அணைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். அம்மாவின் மார்பில் இருந்த போனிலிருந்து, "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்று சின்னதாகக் குரல் கேட்டது.

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அழப்போகிறாள், அல்லது அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். 'பிடிச்சிருக்கு' என்ற அந்த ஒரு பதிலுக்காக அவள் அந்த முழங்காலோடு மலை ஏறியிருக்கிறாள்.

அம்மா போனைக் காதில் வைத்தாள்.

"இருக்கேங்க. என் பொண்ணுக்குப் பிடிக்கலைங்க."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டிருப்பார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கௌரவமாக நழுவுவதுதான் வழக்கம். அதற்கு அவர்களே வழி காட்டியிருக்கிறார்கள்.

"இல்லைங்க, ஜாதகமெல்லாம் நல்லாத்தான் பொருந்தியிருக்கு. அவளுக்குப் பிடிக்கலை. அவ்வளவுதாங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.  அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காலையிலருந்து ஒண்ணுமே சாப்பிடலையேடி நீ. பசிக்குதா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.